சேதம் போதவில்லை

“எழுபத்து மூணு” என்றார் இன்சூரன்ஸ் சர்வேயர்.

கார்க்காரர் கையேட்டின் முகம் தொங்கிப்போயிற்று. “எழுபத்து மூணுதானா? நல்லாப் பாத்தீங்களா சார்? இடது பக்கக் கதவுக்குள்ள எட்டிப் பாத்தீங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு சார். உங்க கார் மதிப்புல எழுபத்து மூணு சதவீதம்தான் ரிப்பேர் செலவு வருது. சந்தோஷப்படுங்க. சரி பண்ணிடலாம்.”

“இதுல சந்தோஷப்பட என்ன சார் இருக்கு?” என்றார் கையேடு. “இன்னும் ஒரு ரெண்டு, ரெண்டரை சதவீதம் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். தேடினா கிடைக்கும்.”

பட்டறையின் நடுவில் நின்ற அந்தக் காரைப் பார்த்தால், தேட வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். முன்பக்கம் முழுவதும் உள்வாங்கி, மேற்கூரை குழிந்து, ஒற்றை விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல மினுங்கிக்கொண்டிருந்தது. வாங்கி நாற்பத்தோரு நாள்தான் ஆகியிருந்தது.

கையேடு என்பது அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். எந்தப் பொருளை வாங்கினாலும் கூடவே வரும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. படிக்காதவர்களுக்கும் சொல்லிப் புரியவைத்துவிட்டுத்தான் ஓய்வார். தொழிலில் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பவர்.

கார் நசுங்கியதும் அப்படிப் போன இடத்தில்தான். அன்று காலை பத்து மணிக்கு, ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைச் சோதித்து, ‘உபயோகிக்காதீர்கள்’ என்று தன் கையாலேயே காகிதம் ஒட்டினார். பதினொரு மணிக்கு மூன்றாம் மாடிக்காரருக்கு ஒரு குளியல் தொட்டி வந்து இறங்கியது. பழைய காலத்து இரும்புத் தொட்டி. லிஃப்ட் இல்லை என்றதும் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றினார்கள். முடிச்சு சரியில்லை. கீழே கையேட்டின் கார்.

இன்சூரன்ஸ் படிவத்தில் ‘மோதிய வாகனத்தின் வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கையேடு அதில் ‘குளியல் தொட்டி’ என்று எழுதி, நீளம், அகலம், எடை, விழுந்த உயரம், காரைத் தொடும்போது இருந்திருக்கக்கூடிய வேகம் எல்லாவற்றையும் இணைத்திருந்தார்.

அந்த இரண்டரை சதவீத விவகாரத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் பத்திரத்தின் பதினேழாம் பக்கத்தில், யாரும் படிக்காத அளவுக்குப் பொடி எழுத்தில் அது இருக்கிறது. ரிப்பேர் செலவு காரின் மதிப்பில் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால், கம்பெனி ரிப்பேர் செய்யாது. நொறுங்கிய காரை எடுத்துக்கொண்டு, வாங்கிய விலையை முழுதாகக் கொடுத்துவிடும். புதுக் கார் வாங்கிக்கொள்ளலாம். தாண்டாவிட்டால், அதே காரைத் தட்டி, நிமிர்த்தி, சாயம் பூசித் தருவார்கள். நடுவில் வேறு வழி கிடையாது. ஆகவே, குளியல் தொட்டி இன்னும் ஓரடி தள்ளி விழுந்திருக்கக் கூடாதா என்று கையேடு ஏங்கியதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

“தட்டி நிமிர்த்தினா என்ன கெட்டுப்போச்சு?” என்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார் அவர் மனைவி. அந்த அம்மாள் மருத்துவமனையில் காது பரிசோதனை செய்பவர். நாள் முழுவதும் அடுத்தவர் காதுகள். சாயங்காலம் தன்னுடையவை.

“அப்படிக் கேளு!” என்று உற்சாகமாகத் திரும்பி உட்கார்ந்தார் கையேடு. “அந்தக் காலத்துக் கார்ல கீழ ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். மேல உடம்பைத் தனியாத் தூக்கி வெப்பாங்க. இப்ப அப்படி இல்ல. உடம்பேதான் சட்டம். தீப்பெட்டி மாதிரின்னு வெச்சுக்கோ. நசுக்கிட்டுத் திரும்ப நிமிர்த்து. பாக்கப் பெட்டி மாதிரிதான் இருக்கும். ஆனா பழைய விறைப்பு வருமா?”

“நாம ரெண்டு பேரும் அம்பதைத் தாண்டி, நசுங்கித்தான் போயிருக்கோம். ஓடலையா?”

“அது வேற, இது வேற. மனுஷ உடம்புல எலும்பு தனி...”

அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் பெரிய அட்டை ஒன்றை விரித்துக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அடுத்து வாங்கப்போகும் காருக்கு. மேலே எட்டுக் கார்களின் பெயர்கள். பக்கவாட்டில் அறுபத்திரண்டு கேள்விகள். டிக்கியில் எத்தனை தலையணை கொள்ளும் என்பது ஒன்பதாவது கேள்வி. சாதத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடவேண்டியதாயிற்று.

“இன்னும் எழுபத்தஞ்சே தாண்டலையே” என்றார் மனைவி.

“தாண்டும். கவலையை விடு. இதெல்லாம் எனக்குச் சின்ன விஷயம். முதல்ல பிரேக்கைப் பத்திச் சொல்றேன், கேளு.”

மறுநாள் காலையிலேயே பட்டறையில் நின்றார். “வெளிய பாத்தா என்ன தெரியும்? பிரிச்சுப் பாருங்க மெக்கானிக். உள்ள எத்தனை உடைஞ்சிருக்குன்னு அப்பத்தான் தெரியும்.”

மெக்கானிக் பிரித்தார். இரண்டு நாள் ஆயிற்று. பில் போடும் பெண் ஒவ்வொரு பாகமாகக் கணினியில் ஏற்றினாள். மூன்றாம் நாள் சர்வேயர் வந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

“நீங்க பிரிக்கச் சொன்னது நல்லதாப்போச்சு சார். கியர் பாக்ஸ் போயிடுச்சுன்னு எழுதியிருந்தேன். மேல்மூடிதான் விரிசல். உள்ள ஒரு கீறல்கூட இல்ல. எழுபது.”

“எழுபதா! எதுக்குய்யா உள்ள வரைக்கும் தொடச்சுத் தொடச்சுப் பாத்தீங்க?”

“நல்லாப் பாருங்கன்னு சொன்னா பாக்காம என்ன சார் பண்றது?” என்றார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்தபடி.

கையேடு அசரவில்லை. எண்ணிக்கையில் விட்டதை விலையில் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டார். கார் கம்பெனி தயாரித்த அசல் பாகங்களைத்தான் போடவேண்டும் என்று இன்சூரன்ஸுக்குக் கடிதம் எழுதினார். விதி அவர் பக்கம் இருந்தது. கம்பெனி உடனே ஒப்புக்கொண்டது. அன்று இரவு மேஜை அட்டையில் புதிய வரிசை ஒன்று ஏறியது. கண்ணாடி துடைப்பான் எந்தக் கோணத்தில் திரும்ப ஆரம்பிக்கிறது என்பது பற்றி.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கே போன் செய்தார். “சார், நல்ல சேதி! அசல் பார்ட்ஸ் வந்தாச்சு. லோக்கல் பார்ட்ஸைவிட மலிவா!”

“அதெப்படி மலிவா வரும்?”

“கார் வாங்கி அம்பது நாள் ஆகாதவங்களுக்கு ஷோரூம்ல சலுகை இருக்காம் சார். கேட்டாத்தான் குடுப்பாங்க. யாரோ கேட்டிருக்காங்க.”

“யாரு கேட்டது?”

“சரியாக் கேக்கல சார்... இஞ்சின் ஓடுது... அறுபத்தேழு!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார் மெக்கானிக்.

“அறுபத்தேழாம்” என்று மனைவியிடம் சொன்னார் கையேடு.

“ஐயோ பாவம்” என்றார் மனைவி, மேஜையில் பரந்து கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறை வாசலில் மனைவியின் தம்பி நின்றிருந்தான். வங்கியில் வேலை. ஆனால் எந்தக் கருவியைக் கண்டாலும் கை பரபரக்கும். மாமாவைக் கண்டதும் ஓடி வந்தான்.

“மாமா, கண்ணை மூடிக்கிட்டு வாங்க. ஒரு சர்ப்ரைஸ்!”

கண்ணைத் திறந்தபோது, இடது பக்கக் கதவுகள் இரண்டும் தட்டுப் போலச் சமமாக இருந்தன. கையேடு அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த இரண்டு கதவுகளையும் அவர் மலை போல நம்பியிருந்தார்.

“என்னடா மச்சான் பண்ணித் தொலைச்ச?”

“காசே இல்லாம எடுத்துட்டேன் மாமா! கொதிக்கிற தண்ணியை ஊத்தி, இந்த ரப்பர்க் கிண்ணத்தை அழுத்தி, ஒரே இழு. டொக்குன்னு வெளிய வந்துடுச்சு. காரை நினைச்சு நீங்க ராத்திரியெல்லாம் புலம்புறீங்கன்னு அக்கா சொன்னா. மனசு கேக்கல.”

“அறிவிருக்காடா உனக்கு? ரெண்டு கதவும் புதுசா மாத்த வேண்டியது. இப்ப...” கையேடு நிறுத்தினார். அவர் கண் அந்த ரப்பர்க் கிண்ணத்தின்மேல் போயிற்று. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா உனக்கு?”

“இழுத்தா வருது.”

“இழுத்தா வருதாம்! உள்ள இருக்கற காத்தை நீ வெளிய தள்ளிட்ட. வெளிக்காத்து கிண்ணத்தைக் கதவோட சேர்த்து அமுக்குது. உண்மையில கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கறது காத்துதான். சுடுதண்ணி எதுக்குன்னா...”

முக்கால் மணி நேரம் விளக்கினார். நடுவில் செய்முறை காட்டுவதற்காக, கூரையில் இருந்த பெரிய குழியில் கிண்ணத்தை வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். டொக்!

பட்டறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பில் போடும் பெண் எட்டிப் பார்த்து, கணினியில் எதையோ அழித்தாள்.

“அறுபத்து நாலு சார்” என்றாள்.

அன்று இரவு கையேடு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் நம்பிக்கை மட்டும் துளியும் குறையவில்லை. “ஒண்ணு சொல்றேன். இவங்க எல்லாரும் வெளியவே பாக்கறாங்க. தொட்டி விழுந்த வேகத்துக்கு உடம்போட சட்டமே முறுகியிருக்கும். அது முறுகியிருக்குன்னு நிரூபிச்சா முன்பக்கம் முழுசையும் அறுத்து மாத்தணும். ஒரே தாவுல எழுபத்தெட்டு!”

“அப்ப நீங்களே அளந்து எழுதிக் குடுங்களேன்” என்றார் மனைவி. “உங்களை மாதிரி புரியறாப்புல எழுத யாரால முடியும்?”

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் மனைவி அவரை விளக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கையேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

லிஃப்ட் கம்பி அளக்கும் கருவிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் விடுப்பு. காருக்கு அடியில் படுத்து, நூல் பிடித்து, இருபத்திரண்டு இடங்களில் அளந்தார். எங்கே எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, ஏன் அந்தப் பக்கம் விலகியது. பதினான்கு பக்கம். வண்ணப் படங்கள். கடைசியில், பொறியியல் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம்.

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தனை பக்கத்தையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. கையேட்டின் முகமும் சேர்ந்து மலர்ந்தது.

“சார், இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட்டை நான் பாத்ததில்ல.”

“சட்டம் முறுகியிருக்கில்ல?”

“சந்தேகமே இல்ல. முறுகியிருக்கு.”

“அப்ப?”

“எங்க எவ்வளவு முறுகியிருக்குன்னு தெரியாம இருந்ததாலதான் முன்பக்கத்துல பாதியை அறுத்து மாத்தறதா எழுதியிருந்தேன். நீங்கதான் மில்லிமீட்டர் சுத்தமாக் குடுத்துட்டீங்களே! இந்த எண்களை அப்படியே இழுவை மெஷின்ல போட்டா, அதுவே இழுத்து நேராக்கிடும். அறுக்கவே வேண்டாம்.” சர்வேயர் எழுந்து கைகுலுக்கினார். “அம்பத்தெட்டு. கம்பெனி சார்பா ரொம்ப நன்றி சார்.”

மெக்கானிக் அந்தப் பதினான்கு பக்கத்தைப் பயபக்தியுடன் வாங்கி, எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மெஷினுக்கு மேலே தொங்கவிட்டார்.

கையேடு அது கோணாமல் தொங்கும்படி சரிசெய்தார். தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கோ ஒரு பல்சக்கரம் தனக்குத் தெரியாமல் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது, அது எது என்று கண்டுபிடிக்கவேண்டும், அவ்வளவுதான். வேலையைத் தொடங்கச் சம்மதக் கையெழுத்துப் போட, பில் போடும் பெண்ணின் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அவள் மூன்று தாள்களை நீட்டினாள். மூன்றையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா” என்றார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “ஒரு காரியம் தற்செயலாத் தப்பாப் போகலாம். ரெண்டு போகலாம். கியர் பாக்ஸ், ஷோரூம் சலுகை, என் மச்சான், கடைசியா இந்த ரிப்போர்ட்டு... வரிசையா நாலு தடவை, நாலும் ஒரே பக்கமாச் சாஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருந்தே ஆகணும். இயந்திரத்துல அப்படித்தான். ஒரு விசை இல்லாம எதுவும் நகராது. இங்க எந்த விசை வேலை செஞ்சுதுன்னுதான் பிடிபடல.”

பில் போடும் பெண் தாள்களைச் சரியாக அடுக்கி, ஊசி குத்தி, ஒரு பிரதியை அவரிடம் நீட்டினாள்.

“என்ன சார் இது, உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டம்மாதான் முதல் நாள்லேர்ந்து தினம் சாயங்காலம் வந்து ‘இன்னும் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாம்’னு எங்ககிட்ட கேட்டுட்டுப் போறாங்க, நசுங்கின காரோடகூடக் குடித்தனம் பண்ணிடலாமாம், ஆனா நீங்க கார் தேர்ந்தெடுத்த அந்தப் பதினோரு மாசத்தை இன்னொரு தடவை அவங்க காது தாங்காதாம்!”