கோட்டைக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

அரசாங்கத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஏமாற்றியிருக்கிறேன். அதனால் அரசாங்கத்துக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. என் ஊருக்குத்தான் வந்தது.

சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகிற வழியில் இருந்த ஒரு சின்னப் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. (அறிவு அதில் பாதி.) ஊரில் கிணறுகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து எல்லாத் தண்ணீரையும் உப்பாக்கி, காவி நிறமாகக் கெடுத்து வைத்திருந்தன. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பெண்கள் குடத்தோடு தண்டவாளம் தாண்டி இரண்டு மைல் நடக்க வேண்டும். பட்டணத்துக் குழாயை எங்கள் ஊர் வரை நீட்டித் தரும்படி கோட்டைக்கு மனு மேல் மனு போட்டோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அதை நான் பக்தியோடு கோப்பில் சேர்ப்பேன்.

பஞ்சாயத்துத் தலைவர் காதர் பாய், கயிறு வியாபாரி. ஒருநாள் அவர் பொறுமை இழந்தார்.

"காயிதம் எயுதி எயுதி கைதான் நொந்துபோச்சு. தண்ணியவே எடுத்துகினு போவோம். அந்த ஆபீசரு குடிச்சுப் பாக்கட்டும்."

துறைச் செயலாளரைப் பார்க்க நாள் கிடைத்தது. பாயும், உறுப்பினர் பட்டம்மாவும், மனுவை வாசித்துக் காட்ட நானும் கிளம்பினோம். பட்டம்மா கூடையில் மீன் சுமந்து விற்பவர். குப்பத்துப் பெண்களுக்காகப் பஞ்சாயத்தில் குரல் உயர்த்திப் பேசும் ஒரே ஆள். அன்று காலை அவரே கிணற்றில் இறைத்து, ஒரு பெரிய கண்ணாடிச் சீசாவில் நிரப்பி, தக்கையால் அடைத்து என்னிடம் கொடுத்தார்.

"பத்ரம் நைனா. எங்க கஷ்டம் பூரா இதுலதான் கீது."

நான் கோட்டுப் போடாமல் போயிருந்தால் அது பத்திரமாகவே இருந்திருக்கும். கோட்டைக்குப் போகிறோமே என்று, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அத்தானிடம் வெள்ளைக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். (அதற்குள் என்னைப் போல இன்னொருவரையும் குடிவைக்கலாம்.) பஸ்ஸில் சீசா தக்கை ஓரமாகக் கசிந்தது. கோட்டில் கறை படுமே என்று அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கல்மண்டபம் பக்கத்தில் பஸ் குலுங்கி நின்றது. எங்கோ கீழே தண்ணீர் ஓடியது. யாரோ மீன் கூடை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று முகம் சுளித்து உட்கார்ந்திருந்தேன். ஹைகோர்ட்டில் இறங்கக் குனிந்து எடுத்தால், தக்கையைக் காணோம். சீசா காலி.

முன்னால் இறங்கிவிட்ட இரண்டு பேரிடமும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோட்டை வாசலில் அவர்கள் பெயர் பதிந்துகொண்டிருந்தபோது, நான் ஓடிப்போய் ஒரு குழாயில் சீசாவை நிரப்பினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. உடனே என் மூளை வேலை செய்தது. சுவரில் செங்கல்லைச் சுரண்டி உள்ளே போட்டுக் குலுக்கினேன். எங்கள் கிணற்று நிறம் அப்படியே வந்துவிட்டது! காகிதத்தைச் சுருட்டி வாயை அடைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் எங்களை இரண்டு மணி நேரம் காக்கவைத்தார்கள். அதற்குள் செங்கல் தூள் முழுவதும் அடியில் படிந்துவிட்டது.

செயலாளர் நல்ல மனிதர். நான் மனுவை வாசித்து முடித்ததும் அவரே டம்ளரில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார்.

"நன்றாக இருக்கிறதே! என் வீட்டுக் குழாயில் வருவது போலவே இருக்கிறது."

(பின்னே, இருக்காதா?)

பட்டம்மா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இது எங்கூரு தண்ணியே இல்ல சாமி!"

"நீங்கள்தானே அம்மா கொண்டுவந்தீர்கள்?"

"ஆமா, என் கையாலதான் மொண்டேன்."

"மொண்டதும் நீங்கள், இல்லை என்பதும் நீங்கள். நான் எதை நம்புவது?" என்று சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார்.

பட்டம்மா என்னைப் பார்த்தார். நான் மனுவின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று இருந்தது.

வெளியே வந்து மரத்தடியில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அட பேஜாரே! கொட்டிப்புட்டேன்னு அங்கயே சொன்னா இன்னா தம்பி? தூக்குலயா போட்டுருப்பான்?"

என் கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துப் போனார். செயலாளர் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார். பட்டம்மா என்னைத் திட்டவே இல்லை. பஸ்ஸில் ஏறும்போது, "கோட்டு நல்லா கீது நைனா" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுமாதம் உத்தரவு வந்தது: தண்ணீர் சுவையாகவே உள்ளது, வண்டல் மட்டும் காணப்படுவதால் துணியில் வடிகட்டிக் குடிக்கவும். நடந்ததை ஒப்புக்கொண்டு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அதுவும் பரிசீலனைக்குப் போனது. பாய் என்னை வேலையை விட்டுத் துரத்தவில்லை. குழாய்க்காக அடுத்தடுத்துப் போட்ட ஒவ்வொரு மனுவையும் என்னையே எழுதவைத்தார். குழாய் வர இன்னும் நான்கு வருஷம் ஆயிற்று.

அந்த நான்கு வருஷமும் குடங்கள் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் பட்டம்மாவின் மகள் நிறைமாதத்தோடு குடம் சுமந்து வந்தாள். ஓடிப்போய் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"வேணாண்ணா. நீ எங்கனா ஊத்திடுவ" என்று நகர்ந்து போய்விட்டாள்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் நான் எதையாவது மழுப்பினால் போதும், மனைவி, பிள்ளைகள், நேற்றுப் பேசக் கற்றுக்கொண்ட பேத்தி வரை எல்லோரும் ஒரே குரலில், "இது எங்கூரு தண்ணியே இல்ல சாமி!" என்கிறார்கள். வீடே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். ஆனால் அன்று அந்த அறையில் நடந்ததைச் சரியாகச் சொன்னவர் பட்டம்மா ஒருவர்தான். பொய்க்காரி என்று பெயர் வாங்கித் திரும்பியவரும் அவர்தான்.