கறிக்கடை மாடிக்கு நான் குடிபோக மாட்டேன்

"உயிர் இருக்கிறவரைக்கும் ஊர் நடுவுல குடியிருக்க மாட்டேன்!"

மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் இப்படி முழங்கினேன். முழங்கிய வேகத்தில், காப்பியில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

என் மனைவி ஃபெம்மி ஒரு கரண்டியை நீட்டினாள். "முதல்ல அதை எடு. அப்புறம் கத்து."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏவர்ட். கார் ஓட்ட வருபவர்களைச் சோதித்து உரிமம் கொடுக்கும் வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். கொடுக்கும் வேலை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பத்துப் பேர் வந்தால் ஏழு பேரை அழவைத்து அனுப்புவேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து தோற்றுப்போக ஃபெம்மியை விட்டால் ஆள் இல்லை.

நாங்கள் இருந்தது ஊருக்கு வெளியே, வரிசை வீடுகளில் ஒன்று. அதுவும் வாடகை வீடுதான். ஆனால் பின்னால் தோட்டம் உண்டு. தோட்டத்து மூலையில் ஒரு மரக்கொட்டகை. கொட்டகையில் என் ரம்பங்கள், என் சுத்தியல்கள், அளவுவாரியாகப் பிரித்துவைத்த என் ஆணிகள். இதையெல்லாம் விட்டுவிட்டு வரச் சொல்கிறாள்!

"பேக்கரி கண்ணாடியில சீட்டு ஒட்டியிருக்கு, ஏவர்ட். சந்தைத் திடல்ல, பழைய கறிக்கடைக்கு மேல மாடி. ரெண்டு ரூம், ஒரு கிச்சன். ஆத்தைப் பாத்த மாதிரி ஒரு ஜன்னல்."

"ஆத்தைப் பாத்து என்ன பண்ண? அது எங்க ஓடிப்போகப்போகுது?"

"ஆறு ஓடத்தான் செய்யும்."

"பேச்சை மாத்தாதே! கீழ கறிக்கடை, மேல மணிக்கூண்டு, நடுவுல நான். என்ன உத்தேசம்? கொக்கியில மாட்டித் தொங்கவிடப்போறியா?"

"கடை மூடிப் பத்து வருஷம் ஆச்சு. பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க. லைப்ரரி வேலைக்கு தினம் ஆறு கிலோமீட்டர் எதிர்காத்துல சைக்கிள் மிதிக்கிறேன். எனக்கு அறுபத்தொண்ணு."

"காத்தை நானா அடிக்கவிடுறேன்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "என்ன பேசி என்ன? நமக்குக் கிடைக்கப்போறதில்ல. வீட்டுக்காரர் பெரிய முசுடாம்."

"எந்த வீட்டுக்காரர்?"

"லென்டரிங். கடை வெச்சிருந்தவர், இப்போ கீழ தனியா இருக்கார். உன்னைச் சொல்றதா இருந்தா நேராவே சொல்லுவேனே! இதுவரைக்கும் இருபது ஜோடி வந்து பாத்துட்டாங்களாம். எல்லாரையும் வேண்டாம்னுட்டார்."

என் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"சரி ஃபெம்மி. ஒரு ஒப்பந்தம். வந்து பாக்கிறேன். அந்த ஆள் நம்மள வேண்டாம்னுட்டா, இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது. சாகிற வரைக்கும்."

"சரின்னுட்டா?"

"போயிடலாம்."

அவள் தயங்கினாள். விரலால் மேஜைத் துணியைச் சுருட்டினாள். "ஒரே ஒரு வேண்டுகோள். அங்க வந்து வாயை மட்டும் திறக்காதே. அவருக்குக் குறை சொன்னாலே ஆகாதாம்."

"சத்தியமா திறக்க மாட்டேன்" என்றேன். எதிரி தன் கோட்டைச் சாவியைத் தானே கொண்டுவந்து கொடுக்கிறாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முகச்சவரம் செய்யவில்லை. தோட்டத்துச் சேறு ஒட்டிய பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். ஃபெம்மி பார்த்துவிட்டுத் தன் சைக்கிளை எடுத்தாள்.

கறிக்கடை வாசலில் எங்களைத் தவிர ஐந்து ஜோடிகள். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு இளிப்பு. ஒருத்தி பூந்தொட்டி கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தன் வீட்டில் செய்த ஆப்பிள் கேக். வீடு பார்க்க வந்தார்களா, பெண் பார்க்க வந்தார்களா?

லென்டரிங் எழுபத்தெட்டு வயது ஆள். ஆறடி உயரம், முறம் மாதிரி அகன்ற, சிவந்த கைகள். பேச்சே கிடையாது. முன்னால் ஏறிப் போனார். நாங்கள் பின்னால் ஏறினோம். மேலே போனதும் பாராட்டு மழை தொடங்கியது.

"என்ன வெளிச்சம்!" என்றாள் பூந்தொட்டி. அந்த அறையில் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"படிக்கட்டு எவ்வளவு அழகு!" என்றான் கேக்.

என்னால் பொறுக்க முடியவில்லை. திட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது.

"படிக்கட்டா? யார் கட்டினது இது?"

எல்லாரும் திரும்பினார்கள். லென்டரிங் முதல்முறையாக வாயைத் திறந்தார். "என் அப்பா."

"ஏணியைச் சாத்திவெச்சுட்டு படிக்கட்டுன்னு பேர் வெச்சுட்டார் உங்க அப்பா. எட்டாவது படி ஆடுது. யாராவது விழுந்து செத்தாத்தான் ஆணி அடிப்பீங்களா?"

"ஏவர்ட்!" என்றாள் ஃபெம்மி. கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன்.

இனி என்னை யார் தடுப்பது? அறை அறையாகப் புகுந்தேன். முந்தைய குடித்தனக்காரர்கள் தரையில் ஒட்டியிருந்த விரிப்பைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது ஊர் வழக்கம், விட்டுவிடலாம். பசையை மட்டும் எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! பூட்ஸ் ஒட்டிக்கொண்டது. குளியலறைக் கதவில் கீல் துருப்பிடித்திருந்தது. சமையலறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினேன்.

"இது என்ன?"

"சுவர்" என்றார் லென்டரிங்.

"ஓதம்! அதை மறைக்க வெள்ளையடிச்சிருக்கீங்க. அதையும் ஒரே ஒரு பூச்சு. கஞ்சத்தனமா!"

பூந்தொட்டிக்காரி மெல்லப் பின்வாங்கினாள். லென்டரிங் என் பின்னாலேயே வந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து, பழைய கறி மடிக்கும் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். வழக்குப் போட ஆதாரம் சேர்க்கிறார். சேர்க்கட்டும்!

ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, மேலே பார்த்தேன்.

"மழைத்தண்ணி வடியிற தகரம் துருப்பிடிச்சு இத்துப்போச்சு! இன்னொரு மழைக்காலம் தாங்காது."

"எங்க?" அவரும் என் பக்கத்தில் தலையை நீட்டினார்.

"அதோ. கண்ணு தெரியலையா?"

இரண்டு தலைகளும் சந்தைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தபோது மணிக்கூண்டுக் கோபுரத்தில் மணி அடித்தது. அடித்துவிட்டு நிற்காமல், வரிசை மணிகளில் ஒரு பாட்டு வேறு வாசித்தது. கீழே பாலாடைக்கட்டி விற்கிறவன் எங்களை அண்ணாந்து பார்த்தான். பாட்டு முடியும்வரை காத்திருந்தோம்.

"இந்தச் சனியன் கால் மணிக்கு ஒரு தடவை வாசிக்குமா?"

"ம்."

"நாலாவது மணி சுருதி தப்பு."

லென்டரிங் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நாப்பது வருஷமா தப்பு!" என்று கத்தினார். "நாப்பது வருஷமா நகரசபைக்கு எழுதுறேன்! ஒரு பய ஒத்துக்கல! எல்லாரும் இனிமையா இருக்குன்னு சொல்றானுங்க!"

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மற்றவர்களைப் பார்த்துக் கையை வீசினார். "எல்லாரும் போகலாம். கேக்கையும் எடுத்துட்டுப் போங்க."

பிறகு என் தோளில் அந்தக் கையை வைத்தார். "வா, காப்பி குடிக்கலாம்."

வாங்க இல்லை. வா! எங்கள் ஊரில் இந்த வயதில் ஒருத்தரை 'நீ' என்று கூப்பிட ஏழெட்டு வருஷப் பழக்கம் வேண்டும். என் திட்டம் ஆட்டம் காண்கிறது என்று புரிந்தது.

கீழே அவருடைய சமையலறையில் காப்பி ஊற்றினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்; ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மூடுவதுதான் ஊர் வழக்கம், இவர் மூடவே இல்லை. முன்னால் இருந்த இளம் ஜோடியின் கதையைச் சொன்னார். இரண்டு வருஷம் மாடியில் இருந்தார்களாம். எப்போது கேட்டாலும் 'எல்லாம் பிரமாதம்' என்பார்களாம். ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூரைப் பலகை குளியல்தொட்டிக்குள் விழுந்தது.

"அப்பவும் அந்தப் பையன், 'பரவாயில்லங்க, நான் அப்ப உள்ள இல்ல'ன்னான்!" மேஜையில் குத்தினார். "எனக்கு உண்மை சொல்ற ஆள் வேணும். இருபது ஜோடி வந்தாங்க. ஒருத்தனாவது எட்டாவது படி ஆடுதுன்னு சொன்னானா?"

நான் தப்பிக்கப் பார்த்தேன். "இங்க பாருங்க, என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நான் தினமும் குறை சொல்லுவேன்."

"எத்தனை மணிக்கு?"

"என்ன?"

"நீ எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டேன். ஒன்பதுக்கு எனக்கு வசதி."

ஃபெம்மி தலையைக் குனிந்து மூன்றாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டே அவளைத் திட்டினேன். காற்றைத் திட்டினேன். லென்டரிங்கின் அப்பாவைத் திட்டினேன். அவள் பின்னால் இருந்து சோகமான குரலில் ஒன்றே ஒன்று சொன்னாள்:

"நான்தான் வாயைத் திறக்காதேன்னு சொன்னேனே. நீ கேட்டியா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் காற்றை இன்னொரு தடவை திட்டினேன்.

மே மாதம் குடி மாறினோம். ஆணிகளை விற்றேன். மாடிக்குப் போய் மாட்டிக்கொண்டேன் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். அந்த ஏணியில் சோபா ஏறாது. முகப்பு உச்சியில் இருக்கும் கொக்கியில் கயிறு போட்டு வெளிப்பக்கமாகத்தான் தூக்க வேண்டும். சந்தை நாளில் அதைச் செய்ய ஆள் வந்தான்! பாதி வழியில் சோபா சுழன்றது. நான் ஜன்னலிலிருந்து "இடது பக்கம்டா, மடையா!" என்று கத்தினேன். அதே நொடியில் கீழேயிருந்து லென்டரிங்கும் அதே வார்த்தையைக் கத்தினார். மீன்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் ஒன்பது மணிக்கு அவர் துடைப்பக்கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். அது என் தரை. நான் இறங்கிப் போவேன். படிக்கு ஆணி அடித்தோம். தகரம் மாற்றினோம். நகரசபைக்குக் கடிதம் எழுதினோம்: மணியைப் பற்றி, புறாக்களைப் பற்றி, நடைபாதையில் சாய்த்து வைக்கிற சைக்கிள்களைப் பற்றி. அவர் கோபமாக எழுதுவார், நான் திருத்துவேன். நான் கோபமாக எழுதுவேன், அவர் இன்னும் சூடேற்றுவார். மதியம் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் வருவேன். ஃபெம்மிக்கு நான் சந்தோஷமாக இருப்பது தெரிந்துவிடக் கூடாதே!

போன வாரம் வியாழக்கிழமை. புறாக்களைப் பற்றிய ஏழாவது கடிதத்துக்கு உறை தேடும்போது லென்டரிங் சொன்னார்:

"உன் பொண்டாட்டி கெட்டிக்காரி. ஜனவரியிலயே வந்து வீட்டைப் பாத்துட்டுப் போனா."

"ஜனவரியிலயா? பேக்கரியில சீட்டு ஒட்டினதே மார்ச்லதானே?"

"சீட்டா? நான் எந்தச் சீட்டும் ஒட்டலையே. வந்தவங்க எல்லாம் வாய்வழியாக் கேள்விப்பட்டு வந்தவங்கதான். இங்கதான், இதே நாற்காலியில உக்காந்து சொன்னா: 'மாடி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா உடனே முடிவு பண்ணாதீங்க. என் வீட்டுக்காரரோட ஒரு அரை மணி நேரம் இருந்து பாருங்க. உங்களுக்குத் தாங்குச்சுன்னா வர்றோம்'னா."

உறையைக் கசக்கி எறிந்தேன். பதினேழு படிகளையும் ஒரே மூச்சில் ஏறினேன். ஃபெம்மிக்கு அன்றைக்கு விடுமுறை. ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கால்கள் முக்காலியில். மடியில் புத்தகம். பக்கத்தில் காப்பி. கோபுர மணிகூட அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தது.

"ஏமாத்துக்காரி!" என்று கத்தினேன். "சீட்டும் பொய்! குறை சொன்னா ஆகாதுங்கிறதும் பொய்! இந்த ஒரு வீட்டுக்காக, கட்டின புருஷனைக் குரங்கு மாதிரி ஆட்டி வெச்சிருக்கே! என் கொட்டகை! என் ஆணி! இந்த மணி! இந்தப் புறா!"

"நீ குறை சொல்றியா, குரைக்கிறியா? வர வர எனக்கு வித்தியாசமே தெரியல."

"பேச்சை மாத்தாதே! வேற வீடே இல்லையா இந்த ஊர்ல?"

"இருந்துச்சே. நாலு வீடு பாத்தேன். இதைவிட நல்ல வீடு மூணு இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இது?"

அவள் புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினாள்.

"முப்பத்தாறு வருஷமா ஒரே ஆளாக் கேட்டாச்சு, ஏவர்ட். எனக்குப் பதிலா ஒரு ஜோடிக் காது வாடகைக்குக் கிடைக்குமான்னு தேடினேன். அதோட மாடியும் சேர்ந்து வந்துடுச்சு."