வெர்டிக்கியோவில் ஒரு துளி தண்ணீர்

வைன் என்றால் பூசைக்கு வைக்கும் பொருள் என்றுதான் இருபத்தேழு வயது வரை நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் கத்தோலிக்கக் கோயில் பீடத்தில் பூசைக்கு உதவியவன் நான். முதலில் திராட்சை இரசம், அடுத்து அதில் ஒரு துளி தண்ணீர், பிறகு சுவாமியாரின் விரல்களுக்குத் தண்ணீர். தூக்கத்தில் எழுப்பினாலும் என் கை இந்த ஒழுங்கில் தவறாது. (வினையே அதுதான்.)

இரண்டாயிரத்து மூன்றில், மொன்றியல் டவுன்டவுனில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ரீனாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பாவுக்குத்தான் என் வேலை பிடிக்கவில்லை.

"தம்பி, கோப்பை கழுவுற ஆளுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது. முதல்ல மேசைப் பக்கம் வாரும், பேந்து கதைப்பம்," என்று கோயில் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

எனவே பரிமாறுகிறவர் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. (அவர் என்னை மன்னிப்பாராக.) முதலாளியம்மா ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு தாளும் தந்து, நாளைக்கு ஒழுங்காகச் செய்தால் மேசை வேலை நிரந்தரம், சொதப்பினால் மறுபடி கோப்பை கழுவும் தொட்டிதான் என்றார்.

தாளில் இருந்தது வெர்டிக்கியோ என்ற வெள்ளை வைனின் சாதகம். பிறப்பிடம், இத்தாலியின் கிழக்குக் கரையில் மார்க்கே. அட்ரியாட்டிக் கடற்காற்று படும் குன்றுகளில் விளைவது. எலுமிச்சை மணம், கடைசியில் பாதாம் பருப்பின் மெல்லிய கைப்பு. சுட்ட மீன், பொரித்த கணவாய், மட்டி போட்ட பாஸ்தா ஆகியவற்றோடு பொருத்தம். லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் வரும்போது இதைச் செபமாலை போல முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

என் முதல் மேசையில் ஒரு வயதான இத்தாலியத் தம்பதி. மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். தாளின் அடியில் எழுதியிருந்த "இங்கே சிரிக்கவும்" என்பதையும் சேர்த்துத்தான். கிழவர் மரியாதையாக வெர்டிக்கியோவே கேட்டார். ஊற்றினேன். ருசி பார்த்துத் தலையசைத்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கைகள் பீடத்துக்குப் போய்விட்டன. தண்ணீர்க் கூசாவை எடுத்து, அவருடைய வைனில் பக்தியோடு ஒரு துளி விட்டு, குனிந்து வணங்கினேன்.

தூரத்தில் முதலாளியம்மா வாயைத் திறந்தபடி நின்றார். ரீனா யாரோ ஒரு கணினிக்காரனோடு பீடத்தை நோக்கி நடப்பது என் மனக்கண்ணில் தெரிந்தது.

கிழவர் கிளாசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூசைக்கு உதவியவனா நீ என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்," என்றேன், பயத்தில் தமிழில்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், இரண்டு கை விரல்களையும் தட்டின் மேல் நீட்டினார். இனிப் போக என்ன இருக்கிறது? தண்ணீர் ஊற்றினேன், துவாயால் துடைத்தேன், மறுபடி குனிந்தேன். அவர் மனைவி "ஆமென்" என்று சொல்லி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புது கிளாஸ் கொண்டுவர ஓடிய முதலாளியம்மாவைத் தடுத்து, கிழவர் அந்த வைனையே குடித்து முடித்தார்.

வேலை கிடைத்தது. ஒரு நிபந்தனை: தண்ணீர்க் கூசாவை நான் தொடக்கூடாது. அங்கே இருந்த ஆறு வருடமும் என் மேசைகளுக்கு வேறு யாரோதான் தண்ணீர் ஊற்றினார்கள்.

இந்தக் கதையை நான் ஒரே ஒரு நண்பனிடம்தான் சொன்னேன். ஞாயிறு பூசைக்குள் பங்கு முழுக்கத் தெரிந்திருந்தது. கோயில் வாசலில் ரீனாவின் அப்பா என்னை மறித்தார்.

"நீர் ஊரிலை பூசைக்கு உதவினனீரோ?"

"ஓம் ஐயா. ஒன்பது வருசம்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி. அம்மா அப்பாவை எப்ப வீட்டை கூட்டிக்கொண்டு வாறீர்?"

மேசை வேலை கிடைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு எங்கள் வீட்டில் வெர்டிக்கியோவும் நண்டுக்கறியும்தான். (நண்டுக்கறி தாளில் இல்லை, அது மாமாவின், அதாவது ரீனாவின் அப்பாவின், தீர்ப்பு.) நான் ஊற்றி முடித்ததும் எல்லோரும் மாமாவைப் பார்ப்பார்கள். மாமா கண்ணை மூடிப் பத்து விரல்களையும் நீட்டுவார். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவேன். எதைக் கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் என் மகள், வருடத்தில் அந்த ஒரு தடவை மட்டும் சுத்தமான தமிழில் சொல்லுவாள்:

"அப்பா, குனிய மறந்திட்டீங்கள்."