ஒன்பது அங்கிக்கு வரி கட்டியவன் எழுதுவது

அக்புலாக்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி தொலெகெனுக்கு,

அண்ணன் ஜக்ஸிலிக் எழுதிக்கொண்டது. ஆடு மாடு சுகமா, பிள்ளைகள் சுகமா? நீ இருப்பது நகரத்தில், நான்காவது மாடியில், ஆடும் கிடையாது மாடும் கிடையாது என்பது தெரியும். கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாளை என் மகள் அய்மனின் மாமனார் ஓராஸ்பாய் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். சம்பந்திக்குச் செய்வதை நம் வழக்கப்படி ஒன்பதாகத்தான் செய்ய வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? பூவேலை செய்த வெல்வெட் அங்கி ஒன்பது வாங்கப் பஜாருக்குக் கிளம்பியவனை, "அங்க கொள்ளையடிப்பான் அண்ணே, போன்லயே வெளிநாட்டுல வாங்கு, பாதி விலை, வரியே கிடையாது" என்று தடுத்த புண்ணியவான் நீ. நம்முடைய அங்கியை வேற்று நாட்டான் தைத்து அனுப்ப, அது சுங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷம் ரயில்வே கவுண்டருக்கு உள்ளே இருந்து ஊரையே நாளைக்கு வா என்று விரட்டியவன் நான். என்னை நான்கு நாள் வெளியே நிற்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டாள்.

"ஐயா, சொந்த உபயோகம்னா வரி இல்ல. ஒரே மாதிரி ஒன்பதுன்னா அது கடைச் சரக்கு."

"கடையா? சம்பந்தி வீட்டுக்குச் செய்யறதும்மா!"

"அப்ப மூணு போதும்னு எழுதிக் குடுங்க. மிச்சத்தத் திருப்பி அனுப்பிடறோம்."

"உன் கல்யாணத்துக்கு உங்கப்பா மூணா குடுத்தாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒன்பதுதான். ஆனா பஜார்ல வாங்கினாரு."

புத்திசாலி மனுஷன், அவருக்கு உன்னைப் போல் தம்பி இல்லை. விலைக்குச் சுங்கம், அனுப்பிய கூலிக்கும் சுங்கம், எல்லாவற்றையும் கூட்டி அதன் தலையில் விற்பனை வரி. அதாவது வரிக்கே வரி, தம்பி! விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்க வைத்திருந்த பணம் அந்த ஜன்னலுக்குள் போய்விட்டது. உன் அண்ணி, "சம்பந்திக்கு ஆட்டுக்கறியா போடப்போறீங்க? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பரிமாறுவேன்?" என்று நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இனி வெளிநாட்டிலிருந்து ஒரு பொத்தான்கூட வாங்க மாட்டேன். நீயும் இனி எனக்கு யோசனை சொல்லாதே.

உன் வீட்டில் ரொட்டிக்கும் தேநீருக்கும் குறைவில்லாமல் இருக்கட்டும். பிள்ளைகள் நெற்றியில் என் முத்தம். உனக்குக் கிடையாது.

உன் அண்ணன்,
ஜக்ஸிலிக்

பின்குறிப்பு: ஞாயிறு. நல்லவேளை, இதைத் தபாலில் போடவில்லை. ஓராஸ்பாய் அங்கியைப் போட்டவர் சாப்பிடும்போதும் கழற்றவில்லை. குதிரை எங்கே என்று கேட்கவும் இல்லை. தன் கடைசி மகளின் மாமனார் வீட்டாருக்கும் இதே அங்கி ஒன்பது வேண்டுமாம். "வாங்கித் தர்றது உங்க பொறுப்பு" என்று என் தோளில் தட்டினார். முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆர்டர் போட்டுவிட்டேன். இங்குள்ள அலுவலகத்தில் என்னை வியாபாரி என்று எழுதிவிட்டார்கள். அதனால் பொட்டலம் உன் பெயருக்கு, உன் விலாசத்துக்கு வரும். அடையாள அட்டையையும் கொஞ்சம் பணத்தையும் எடுத்துக்கொண்டு போ. மூன்று போதும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே, குடும்ப மானம் போய்விடும்.