லோகு அக்கா புடவையில் நான் எழுதிய பரீட்சை

வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பட்டுப் புடவை இருக்கும் அறைக்குள் ஒரு டம்ளர் மோரோடுகூட என்னை விடமாட்டார்கள். "ரேணு வர்றா, புடவைய எடுத்து உள்ள வைம்மா" என்று வாசலிலேயே குரல் கொடுத்துவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். வேறென்ன செய்ய? செய்த காரியம் அப்படி.

அப்போதெல்லாம் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அப்புறம் காலேஜில் ஒரு வருஷம் பி.யு.சி. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு அங்கே போனால் எல்லாம் இங்கிலீஷ். பாதிப் பேருக்கு முதல் வாரமே காய்ச்சல் வந்துவிடும் (பயக் காய்ச்சல்தான், வேறென்ன). இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன ஒரு பிரின்சிபால், எங்கள் ஊரில் ஓர் ஏற்பாடு செய்தார். பள்ளியில் படிக்கும்போதே சனிக்கிழமைகளில் காலேஜுக்கு வந்து பி.யு.சி. கெமிஸ்ட்ரியில் கொஞ்சம் படித்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு செய்முறைப் பரீட்சை. தேறினால் அந்த மார்க் பி.யு.சி.யில் சேர்ந்துவிடும், இடமும் நிச்சயம்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "தறியில பாவு பூட்டறதுக்கு முன்னாடியே நாலு மொழம் நெய்ஞ்சி வெக்கறதா? அது எப்பிடிம்மா முடியும்?" என்றார். தறிக்கு வெளியே அவருக்கு உலகம் கிடையாது.

அவர் பயமும் நியாயம்தான். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்க்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி அந்த இடத்தில் உட்கார்ந்தவள் என் அக்கா லோகு. அவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம், மாப்பிள்ளை வீடு செவிலிமேடு. அவள் போய்விட்டால் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் நான்தான்.

அக்காதான் அப்பாவிடம் பேசினாள். "நான் படிக்கல, செரி. இவளாவது படிக்கட்டும்பா. பரீட்சையில தேறினா காலேஜு, தவறினா தறி. அந்த எடத்த அவளே சம்பாதிச்சுக்கட்டும்."

"தேறலன்னா அழுவக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் அப்பா. அப்படித்தான் என் தலையெழுத்து ஒரே ஒரு பரீட்சையில் வந்து நின்றது.

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கண்ணப்பன் மாமா ஒரு வேலை செய்தார். அக்கா கல்யாணத்துக்கென்று அப்பா தன் கையாலேயே நெய்த அரக்குப் புடவை அப்போதுதான் தறியிலிருந்து இறங்கியிருந்தது. முந்தானை முழுக்கச் சரிகை. மாமா வந்து அதைத் தொட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "சரிகையில வெள்ளி கம்மியா இருக்குதுபா. செம்புதான் தூக்கலா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் தெருவைச் சுற்றிவிட்டு, செவிலிமேடு வரைக்கும் போய்விட்டது. அப்பாவுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பரீட்சை அன்று காலையில் நான் தாவணியோடு நின்றேன். அப்பா பார்த்தார். என்ன தோன்றியதோ, "காலேஜுக்குப் போறே, நூல் துணியிலயா? அந்த அரக்குப் பட்டக் கட்டிக்கினு போ. முந்தானைய நல்லா விரிச்சு விடு, சொருவாத. கண்ணப்பன் பாக்கட்டும், ஊரே பாக்கட்டும்" என்றார்.

அம்மா பதறிவிட்டாள். "கல்யாணப் பொடவைங்க அது! பொண்ணு கட்டறதுக்கு முன்னாடி இவளா கட்டறது?"

அக்கா சிரித்தாள். "அவ கட்டினா என்னம்மா, நான் கட்டினா என்னம்மா? இன்னிக்கு அவளுக்குத்தான் முகூர்த்தம்" என்று சொல்லி அவளே கட்டியும் விட்டாள். இப்படி ஒரு மனசு எனக்கு இருந்திருக்காது. என் கல்யாணப் புடவையை யாராவது தொட்டிருந்தால் கையைக் கடித்திருப்பேன்.

இப்படியாக, உலகத்திலேயே முகூர்த்தப் பட்டு கட்டிக்கொண்டு ஆசிட் பக்கத்தில் போன முதல் ஆள் ஆனேன். நெசவாளி வீட்டில் யாரும் பட்டு கட்டிப் பழக்கமில்லை, நாங்கள் விற்கத்தான் நெய்வோம். அதனால் எனக்கு அதில் நடக்கவே தெரியவில்லை. புது மொடமொடப்பு வேறு. நான் திரும்பினால் புடவை கொஞ்சம் யோசித்துவிட்டு அப்புறம்தான் திரும்பியது. துணைக்கு வந்த அக்கா காலேஜ் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

லேபில் கெமிஸ்ட்ரி சார் என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னம்மா, கல்யாணத்திலேர்ந்து நேரா வர்றியா?"

"இல்ல சார்."

"முந்தானைய இடுப்புல சொருவிக்கோ. ஆசிட் இருக்குது."

"சொருவக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு சார்."

சார் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் வேறொரு பெண் டெஸ்ட் ட்யூபை உடைக்க, அந்தப் பக்கம் ஓடிவிட்டார். (அந்தப் பெண் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

எனக்கு ஒரு உப்பு கொடுத்திருந்தார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதியைத் தண்ணீரில் கரைத்து டெஸ்ட் ட்யூபில் வைத்துக்கொண்டேன். பாடம் எல்லாம் தலைகீழ்ப் பாடம் எனக்கு. நைட்ரிக் ஆசிட்டு, அப்புறம் சில்வர் நைட்ரேட்டு, தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு. தைரியமாக சில்வர் நைட்ரேட் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். முந்தானையும் திரும்பியது, அதன் வேகத்தில். அடர் நைட்ரிக் ஆசிட் பாட்டில் அதன் நுனியில் மாட்டிச் சாய்ந்தது.

முந்தானையிலிருந்து செம்பழுப்பாகப் புகை கிளம்பியது. எனக்குக் கெமிஸ்ட்ரி மறந்தது, இங்கிலீஷ் மறந்தது, அக்கா முகம் மட்டும்தான் தெரிந்தது. "ஐயோ லோகு!" என்று கத்தி, கையில் இருந்ததை அப்படியே அதன்மேல் ஊற்றினேன். கையில் இருந்தது என்னுடைய உப்புக் கரைசல்.

சார் ஓடி வந்து என்னைப் பின்னால் இழுத்தார். அட்டெண்டர் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இரு, இரு! ஊத்தாத!" என்றார் சார். முந்தானை நுனியை ஒரு கண்ணாடிக் குச்சியால் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தார். விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் பட்டு மஞ்சளாகிவிட்டது. ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக, பால் திரிந்தாற்போல் ஏதோ படிந்திருந்தது.

"இது என்னம்மா?"

நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். கேள்வி என்றால் வாய் தானாகப் பதில் சொல்லும் பழக்கம். "வெள்ளை... தயிர் மாதிரி... வீழ்படிவு சார். என்னோட உப்பு குளோரைடு சார்."

"சில்வர் நைட்ரேட்டே நீ ஊத்தலியே. வெள்ளி எங்கேர்ந்து வந்துச்சு?"

"சரிகையிலேர்ந்து சார், ஆசிட்டுல கரைஞ்சு வந்திருக்கு. அது... அது எங்கப்பா வாங்கின சரிகை சார். நெஜ வெள்ளி!"

சார் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னா, புடவையையும் சேத்துக் கண்டுபிடிச்சிருக்கே. போம்மா, நீ பாஸ். ஆனா காலேஜ்ல சேந்தா இந்த லேப் பக்கம் பட்டுல வராதே" என்றார்.

பாஸ் என்றது காதில் விழவே இல்லை. ஓட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனேன். அக்கா எழுந்து வந்தாள். முந்தானையை வாங்கிப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் வார்த்தை, "கையில பட்டுச்சாடி?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விட்டாள். அழுகையோடு நடந்ததை எல்லாம் கொட்டினேன். "அப்பா கொன்னுடுவாருக்கா. படிப்பு போச்சு. உன் பொடவையும் போச்சு."

அக்கா ஓட்டையை மறுபடி விரித்துப் பார்த்தாள். "நெஜ வெள்ளின்னு சாரே ஒத்துக்கினாரா?"

"ஆமா."

"அப்ப நீ வாயத் தொறக்காத. நான் பேசறேன்."

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது கண்ணப்பன் மாமா வெளியே நின்றிருந்தார். அக்கா நேராக எங்கள் வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கிற குரலில், "அப்பா! காலேஜ்ல ஆசிட் ஊத்திச் சோதன பண்ணாங்கப்பா. சுத்த வெள்ளியாம்! பெரிய சாரே ஒத்துக்கினாரு" என்றாள். முந்தானையை விரித்து ஓட்டையைக் காட்டினாள்.

அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். ஓட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிர்வீட்டைப் பார்த்தார்.

"கேட்டியா கண்ணப்பா? காலேஜ்ல சொல்லிட்டாங்க!"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அப்பா மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பாஸ் என்பதை அம்மாதான் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு கரைக்கு நாடா தள்ள அம்மா உட்கார்ந்தாள், நான் காலேஜுக்குப் போனேன்.

அந்த ஓட்டையைத் தைத்துத் தருகிறேன் என்றார் அப்பா. அக்கா விடவில்லை. அதையே கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். மாமியார் குனிந்து, "இது என்னம்மா?" என்று கேட்டதற்கு, "அது சோதிச்ச எடம் அத்தே. வேற யாரு பொடவைக்காவது இப்பிடி சாட்சி இருக்குதா?" என்றாள். எட்டாவது படித்தவள் என்று யார் சொல்வார்கள்? அவளை மட்டும் படிக்க வைத்திருந்தால் இந்நேரம் ஹைகோர்ட்டையே ஆட்டிப் படைத்திருப்பாள்.

பல வருஷம் கழித்து அக்கா மகள் கல்யாணத்துக்குப் பெட்டியைத் திறந்தார்கள். வழக்கம்போல என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். "சித்தி, அங்கியே நில்லு!" என்று கல்யாணப் பெண்ணே கத்தினாள்.

அக்கா அந்த அரக்குப் புடவையை எடுத்து உதறினாள். ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள்.

"சிரிக்காதீங்கடி. இது வழியாத்தான் உங்க சித்தி காலேஜுக்குப் போனா."