பதினோரு மணிக்கு ஆறு பேர்

"ஆள் இல்லாத ஆபீஸுக்கு நான் எப்படிம்மா கடன் கொடுக்கிறது?" என்று போனில் கேட்டார் வங்கி அதிகாரி ஜேசுபாதம்.

"வீட்டுலயே இருங்கன்னு சொன்னது அரசாங்கம் சார். இந்த அவசரக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கதும் அதே அரசாங்கம்தான்" என்றாள் சந்தனச்செல்வி.

"உத்தரவாதம் அரசாங்கத்தோடது. ஃபைல் என்னோடது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வருவேன். ஆறு பேராவது உட்கார்ந்து வேலை பார்க்கணும்."

சந்தனச்செல்வியின் கம்பெனிக்குப் பெயர் 'வரிசை'. துறைமுகத்துக்கு வரும் லாரிகள் வாசலில் நாள் முழுக்கக் காய்ந்து கிடக்க வேண்டாம். டிரைவர் போனிலேயே டோக்கன் போட்டுவிட்டு, தன் முறை வரும்போது போய் நின்றால் போதும். இரண்டு வருஷமாக நன்றாகத்தான் ஓடியது. கொரோனா வந்தது, லாரிகள் குறைந்தன, அடுத்த மாதச் சம்பளமே கேள்விக்குறி ஆகிவிட்டது. இருந்த ஊழியர்களும் இரண்டே பேர். ஷாம் நாசரேத்திலும் ஜெபிஷா மணப்பாட்டிலும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். பாளையங்கோட்டை ரோட்டு மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டரும் அவளும்தான் மிச்சம்.

"நேத்து முளைச்ச கம்பெனிக்கு எவன் கடன் தருவான்?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னதால்தான் அவள் விண்ணப்பமே போட்டாள். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பால்துரைக்குப் போன் போட்டாள். சொந்தமாக நிலக்கரி லாரி ஓட்டுகிறவர்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை ஒரு வேலை இருக்கு. நீங்க அஞ்சு பேரு வரணும்."

"என்ன வேலை தங்கச்சி?"

"சும்மா உட்காரணும்."

"அதைத்தான் நாலு மாசமா வீட்டுல பாக்கேன்."

வியாழக்கிழமை காலை ஐந்து டிரைவர்களும் வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, மாஸ்க்கோடு வந்து இறங்கினார்கள். மூன்று கம்ப்யூட்டர் போதாது என்று சந்தனச்செல்வி பழைய இரும்புக் கடையில் இன்னும் மூன்று மானிட்டர் வாங்கி மேஜையில் ஏற்றியிருந்தாள். அவற்றில் வெளிச்சம் வராது, ஆனால் முதுகுப்பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது.

"எதைத் தட்டணும்?" என்று கேட்டார் பாண்டித்துரை என்கிற டிரைவர்.

"எதை வேணும்னாலும் தட்டுங்க. நிறுத்தாம தட்டுங்க."

அவர் ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் அருணாசலவடிவு இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து ஆம்பிளைகள் மாடிக்குப் போகிறார்கள். "பொண்ணு பாக்க வந்திருக்காவ. நமக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாரு" என்று மனைவியிடம் சொன்னார். மனசு ஆறவில்லை. மாநகராட்சிக்குப் போன் போட்டு, மாடியில் கூட்டம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பத்தே முக்காலுக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் பேச்சித்தாய் மாடி ஏறி வந்தார்.

"இது என்ன கூட்டம்?"

ஆபீஸ் என்று சொன்னால் சீல் வைப்பார்கள். விசேஷம் என்று சொன்னால் அபராதம் போடுவார்கள். சந்தனச்செல்வி ஒரு நொடி யோசித்தாள்.

"கொரோனா டெஸ்ட் எடுக்கக் காத்திருக்காவ மேடம். உங்களைத்தான் எதிர்பார்த்தோம்."

பேச்சித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க வாரோம்னா தெருவே கதவைச் சாத்துது. நீங்கதாம்மா பொறுப்பான பொண்ணு" என்றவர், மாடிப்படியில் குனிந்து, "ஏலே, வண்டியில இருக்க பெட்டியை மேல கொண்டு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

ஜேசுபாதம் சரியாகப் பதினோரு மணிக்கு உள்ளே நுழைந்தார். கடன் கேட்ட கம்பெனியின் ஊழியர்கள் வரிசையாகத் தலையை அண்ணாந்து கொண்டு நின்றார்கள். ஒருவருடைய மூக்குக்குள் குச்சி போய்க்கொண்டிருந்தது.

"பேரு, வயசு, தொழில்?" என்று கேட்டார் பேச்சித்தாய்.

"பாண்டித்துரை. முப்பத்தெட்டு. லாரி டிரைவர்."

"அடுத்து?"

"செந்தூர்பாண்டி. நாப்பத்தொண்ணு. லாரி டிரைவர். இன்னைக்கு மட்டும் சாஃப்ட்வேர்."

ஜேசுபாதம் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினார்.

"சார், உள்ள கால் வச்சாச்சுல்லா? நீங்களும் லைன்ல நில்லுங்க" என்றார் பேச்சித்தாய்.

டெஸ்ட் முடிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு ஜேசுபாதம் சந்தனச்செல்வியிடம் வந்தபோது அவளுக்குப் பயமெல்லாம் போயிருந்தது. செத்துக் கிடந்த மானிட்டரை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

"ஆமா சார், எல்லாம் நாடகம்தான். ஆறு பேரு உட்காரணும்னு நீங்க கேட்டிய, உட்கார வச்சேன். ஆனா இதைப் பாருங்க." போனை நீட்டினாள். "இன்னைக்குக் காலையில இருந்து நூத்திப் பன்னிரண்டு லாரி டோக்கன் போட்டிருக்கு. ஒரு டிரைவரும் வெயில்ல நிக்கலை. ஆள் கூடாம வேலை நடக்கதுக்குத்தான் இந்தக் கம்பெனியே."

ஜேசுபாதம் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பதினேழாவது கட்டத்துல கோடு போட்டிருக்கீங்களே. ஏற்கெனவே எவ்வளவு கடன் இருக்குன்னு எழுதலையா?"

"ஒத்த ரூபா கடன் கிடையாது. எங்கயும் போய் நின்னதில்லை."

"ஐயோ" என்றார் அவர். "அப்படின்னா ஒரு விஷயம்..."

"கடன் வாங்கலைங்கது குத்தமா சார்?"

"குத்தமில்லைம்மா, நான் சொல்றதை..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க கடனும் வேண்டாம். பதநீர் வித்தாவது இதை நடத்துவேன்."

பால்துரை இடையில் வந்து, "கடன் இல்லாத ஆளைப் போய் இந்தப் பாடு படுத்துதியளே. எனக்கு உங்க பேங்குலயே பதினெட்டு லட்சம் லாரிக் கடன் நிக்கி. முதல்ல என்னைய கேளுங்க" என்றார்.

ஜேசுபாதம் சட்டென்று நிமிர்ந்து பேனாவை எடுத்தார். "உங்க போன் நம்பரைச் சொல்லுங்க."

"அண்ணாச்சி, சொல்லாதிய" என்று குறுக்கே வந்து நின்றாள் சந்தனச்செல்வி. "எனக்காக வந்த மனுஷன் சார். அவர் லாரியில கை வச்சிய, நான் உங்க பேங்க் வாசல்ல வந்து உட்காருவேன்."

பால்துரை அவள் தோளுக்கு மேலாகவே நம்பரைச் சொல்லிவிட்டார். ஜேசுபாதம் குறித்துக்கொண்டு, மறுபடியும் மூக்கைத் துடைத்தபடி படியிறங்கிப் போனார்.

டெஸ்ட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. சந்தனச்செல்வி தன் வளையல்களை அடகு வைத்து ஷாமுக்கும் ஜெபிஷாவுக்கும் பாதிச் சம்பளம் போட்டாள். வாடகைக்கு அருணாசலவடிவிடம் தவணை சொன்னாள். கம்பெனியை மூடிவிட்டு வேறு வேலை பார் என்று சொன்ன மாமாவின் போனை எடுப்பதை நிறுத்தினாள். பால்துரையை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அவர் போனும் எடுக்கவில்லை, லாரியும் கண்ணில் படவில்லை.

பத்தாம் நாள் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு அவரே மாடி ஏறி வந்தார்.

"லாரியைப் பறிச்சிட்டாங்களா அண்ணாச்சி?" என்று பதறி எழுந்தாள்.

பால்துரை நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"அந்த அவசரக் கடனே ஏற்கெனவே கடன்பட்டவனுக்குத்தானாம் தங்கச்சி, எனக்கு மூணு லட்சத்து அறுபதாயிரம் வந்துட்டு, உங்க கம்பெனியில பாதியை என்ன விலைக்குத் தருவிய?"