கோப்பிக்கு என்ன ஆச்சு?

“தாத்தா, நாய்க்கு வயித்து வலின்னா அது எப்படிச் சொல்லும்?” என்று பேத்தி ஏமி ஒருமுறை கேட்டபோது, டொமினிக் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் பேப்பரைப் புரட்டுவது அவர் வழக்கம்.

இன்று காலை அந்தக் கேள்வி சமையலறைத் தரையில் சுருண்டு படுத்திருந்தது. பாலில்லாத கோப்பியின் நிறத்தில் இருந்ததால் அவர் மனைவி டொரத்தி அந்த நாய்க்குக் கோப்பி என்றே பெயர் வைத்திருந்தார். வயதான நாய்தான்; ஆனாலும் விடிந்ததும் வாசலுக்கு ஓடி ஒருமுறை குரைத்துவிட்டு வருவது அதன் கடமை. இன்று எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் வாந்தி. அதைவிட மோசமாக, நெற்றியின் நடுவில் சிவப்பாக ஏதோ ஒரு திட்டு.

டொமினிக்குக் கைகால் ஓடவில்லை. காரணம், கோப்பி அவருடைய நாய் அல்ல, டொரத்தியின் நாய். டொரத்தி நெஞ்சு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிர்ச்சி தரும் எதையும் அவர் காதில் போடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதுகூட டொரத்தி பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. “கோப்பியை நல்லபடியா என் கையில குடுக்கணும்” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோ கால். டொரத்திதான்.

“கோப்பியைக் காட்டுங்க.”

டொமினிக் வாந்தி தெரியாதபடி போனைச் சாய்த்துப் பிடித்தார். “இப்பதான் ஓடி விளையாடிட்டுப் படுத்தான்.”

“மூக்கு ஈரமா இருக்கா?”

அவர் குழாயில் விரலை நனைத்து நாயின் மூக்கில் தடவினார். “இருக்கு, இருக்கு.” டொரத்தியின் குரல் கேட்டதும் கோப்பியின் வால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான் அதற்கு முடிந்தது. டொமினிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் சாப்பாட்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டினார். டொரத்தி சொல்லிக்கொடுத்தபடி அவித்த கோழியும் சோறும் பூசணிக்காயும்தான் கொடுத்துவந்தார். ஆனாலும் வயிறு கொஞ்சம் ஓயட்டும் என்று தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். பிறகு நெற்றிச் சிவப்பைச் சொறி என்று நினைத்து மருந்து தடவினார். கோப்பி காலால் அதைத் தேய்த்து, காலை நக்கி, மீண்டும் வாந்தி எடுத்தது. கடைசியாக, வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது, காற்று வரட்டும் என்று முன்கேட்டை ஒட்டிப் பாயை விரித்து நாயை அங்கே படுக்கவைத்தார். பக்கத்து வீடுகளில் யார் கண்ணிலாவது பட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணம். மனத்திருப்தியுடன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பியபோது கோப்பியின் வயிறு மத்தளம்போல் இருந்தது. காலையில் மருந்து தடவிய சிவப்புத் திட்டு முன்பைவிடப் பெரிதாக நெற்றியில் பளபளத்தது.

நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு பங்சாரில் இருந்த மிருக வைத்தியரிடம் ஓடினார். டாக்டர் நித்யா சிறு பெண். ஆனால் கையில் நிதானம் இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்து, ரத்தம் எடுத்து, ஸ்கேன் செய்து, கடைசியில் பஞ்சால் நெற்றியைத் துடைத்து முகர்ந்து பார்த்தார்.

“அங்கிள், இது சொறி இல்ல. குங்குமம்.”

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க டாக்டர்.”

“நாய் கோயிலுக்குப் போகுது போல லா.” டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. “கணையம் வீங்கியிருக்கு. எண்ணெய்ச் சாமான் எக்கச்சக்கமா தின்னிருக்கு. இன்னொரு தடவை இப்படித் தின்னா இந்த வயசுல தாங்காது. யார் கொடுக்கிறாங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க.”

ஊசி போட்டு, மறுநாள் வந்து டிரிப் ஏற்றச் சொல்லி அனுப்பினார். அன்றிரவு டொமினிக்கின் மனம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. பக்கத்து வீட்டுச் சாத்தப்பனுக்குக் கோப்பி குரைப்பது பிடிக்காது. பல வருடமாக அதில் மனத்தாங்கல். விஷம் வைப்பவன் குங்குமமும் வைப்பானா என்று யோசித்தார்.

மறுநாள் காலை கோப்பியை அதேபோல் கேட்டருகே பாயில் படுக்கவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதுபோல் குடையும் பையுமாகத் தெருமுனைவரை நடந்தார். பின்சந்து வழியாகத் திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழைந்து, திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

முதலில் வந்தவர் சாத்தப்பன். வெள்ளை வேட்டி, திருநீறு, கையில் வாழையிலைப் பொட்டலம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, கேட்டின் கம்பிக்கிடையில் கைவிட்டு நாயின் நெற்றியில் குங்குமம் வைத்தார். பிறகு இரண்டு கையும் கூப்பி நாயைக் கும்பிட்டார்.

டொமினிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இத்தனை வருடம் ‘சனியன்’ என்று திட்டிய மனிதர்.

பொட்டலம் பிரிவதற்குள் எதிர்வீட்டு டீச்சர் கோமதி வந்து நின்றார். அவர் கையிலும் வாழையிலைப் பொட்டலம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டு, வெயில் அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் லோரி ஓட்டும் வேலாயுதமும் வந்துவிட்டார். அவர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். தயிர் ஒழுகிக் காட்டிக்கொடுத்தது.

டொமினிக் குடையோடு வெளியே வந்தார்.

“என்னண்ணே இது?”

சாத்தப்பன்தான் மென்று விழுங்கிச் சொன்னார். பைரவருக்கு நாய்தான் வாகனம்; கறுப்பு நாய்க்குத் தயிர்சாதமும் மிளகு வடையும் போட்டால் பெரிய கஷ்டமெல்லாம் விலகும்; இந்த வட்டாரத்தில் கறுப்பு நாய் கோப்பி ஒன்றுதான். இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். என்ன கஷ்டம் என்று சொல்லவில்லை. மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். தான் ஒருவர்தான் போடுகிறோம் என்று மூவருமே நினைத்திருந்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

டொமினிக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்க வீட்டுக் கஷ்டம் தீர என் பொண்டாட்டி நாய்தான் கிடைச்சுதா? இவன் செத்துட்டா நான் அவகிட்ட என்ன சொல்வேன்? அவ நெஞ்சு தாங்குமா?”

கோமதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “தெரியாம செஞ்சுட்டோம் அங்கிள்.”

சாத்தப்பன் இலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்க டொமினிக்.” இரண்டடி வைத்துத் திரும்பினார். “டொரத்தி எப்ப வீட்டுக்கு வருது?”

“அது உங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார் டொமினிக்.

கோப்பி பிழைத்துக்கொண்டது. டிரிப்பும் கஞ்சியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, டொரத்தி காரிலிருந்து இறங்கிய அன்று வாசலுக்கு ஓடிப்போய் ஒருமுறை குரைத்துத் தன் கடமையைச் செய்தது. டொரத்தி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “நல்லா இளைச்சு அழகாயிட்டான்” என்றார். டொமினிக் பேப்பரைப் புரட்டினார்.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்த வாழையிலைப் பொட்டலங்கள் எல்லாம் கோயில் வாசலில் பூவும் பிரசாதமும் விற்கும் வள்ளியம்மாவின் கட்டு என்று பார்த்த அன்றே தெரிந்துபோயிருந்தது. டொரத்தி மத்தியானம் அயர்ந்து தூங்கிய நேரத்தில் அவர் அங்கே போனார்.

“அக்கா, நாய்க்குன்னு வந்து கேட்டா இனிமே வடை விக்காதீங்க. எங்க நாய் சாகப் பாத்துச்சு.”

வள்ளியம்மா கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார். “ஐயோ பாவமே. நான்தாண்ணே யோசனை சொன்னேன். மூணு பேரும் தனித்தனியா வந்து அழுவாத குறையா கேட்டாங்க. எந்த நாய்னு நான் கேக்கல.”

“அப்படி என்னக்கா அவங்களுக்கு மட்டும் ஒரே நேரத்துல கஷ்டம்?”

வள்ளியம்மா கொஞ்சம் தயங்கினார். யாருக்காகச் செய்கிறோம் என்பதை வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்பார்கள்; ஆனால் காரியம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“யார் பேருக்குன்னு கேக்காம நான் பொட்டலம் கட்ட மாட்டேண்ணே. மூணு பேரும் ஒரே பேர்தான் சொன்னாங்க. டொரத்தி. நட்சத்திரம் தெரியாதுன்னாங்க.”

டொமினிக் வந்த வழியே வீட்டுக்குப் போகவில்லை. ரயில் நிலையத்தைத் தாண்டி நடந்து, அவர் ஞாயிறுதோறும் போகும் மாதா கோயிலுக்குள் நுழைந்தார். மத்தியான வேளை. பெஞ்சுகள் காலியாக இருந்தன. மூன்று மெழுகுவர்த்திகளை எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றி வைத்தார். ஒன்று சாய்ந்தது, நிமிர்த்தினார். முழந்தாளிட்ட பிறகுதான், இத்தனை வருடம் ஒரே தெருவில் இருந்தும் அந்த மூன்று வீட்டிலும் என்ன வேதனை என்று தனக்கு ஒன்றும் தெரியாதது உறைத்தது.

“பேர் சாத்தப்பன், கோமதி, வேலாயுதம்” என்று மெல்லச் சொன்னார். “என்ன குறைன்னு எனக்குத் தெரியாது ஆண்டவரே. உமக்குத் தெரியும்.”